சத்திரத்தில் இடமில்லை

என் அப்பா வக்கீல் குமாஸ்தா. ஒரே வக்கீலிடம் முப்பத்தொரு வருஷம். கேஸ் கட்டுகளை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். வாய்தா தேதி எல்லாம் அவர் டைரியில்தான் இருக்கும். பிராதின் முதல் வரைவு பெரும்பாலும் அவர் கையெழுத்தில் இருக்கும். வக்கீல் நாலு வார்த்தையை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போடுவார். "நீங்களே வக்கீலுக்குப் படிச்சிருக்கலாமேப்பா" என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்கெல்லாம் வேற வீட்ல பொறந்திருக்கணும்டா" என்று சொல்லிவிட்டுக் கட்டின் நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். வருத்தமாகச் சொன்ன மாதிரிகூடத் தெரியவில்லை.

அதனால்தானோ என்னவோ, யாருடைய வாழ்க்கைக் குறிப்பில் 'வக்கீல் ஆபீசில் குமாஸ்தா' என்று வந்தாலும் என் கண் அங்கேயே நின்றுவிடும். பழைய மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் ஆட்டக்காரர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது லியரி கான்ஸ்டன்டைன் என்ற பெயரில் அப்படித்தான் நின்றேன். டிரினிடாட் பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்தில், 1917ல், பதினாறு வயதில் ஒரு சொலிசிட்டர் (வக்கீல்) நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். வக்கீலானது 1954ல். இடையில் முப்பத்தேழு வருஷம். அந்த முப்பத்தேழு வருஷத்தில் அவர் உலகத்தின் மிகச்சிறந்த ஃபீல்டர் என்று பெயர் வாங்கினார், ஒரு ஹோட்டல் வாசலில் அவமானப்பட்டார், அந்த ஹோட்டல் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஜெயித்ததற்குக் கிடைத்தது ஐந்து கினி. அந்த ஐந்து கினிக் கதைக்காகத்தான் இந்தப் பதிவு. ஆனால் அங்கே நேராகப் போக முடியாது. கொஞ்சம் கிரிக்கெட் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

டெஸ்ட் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் இந்த ஆளைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. 18 டெஸ்ட், 635 ரன், சராசரி 19. விக்கெட் 58, அதன் சராசரி 30. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒருவர் அணியில் இடம் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் யாரும் சராசரியைப் பற்றிப் பேசவில்லை.

1901 செப்டம்பர் 21, டிரினிடாடின் வடமேற்கில் டியகோ மார்ட்டின் பக்கம் பெட்டிட் வேலி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா லெப்ரன், அம்மா அனெய்ஸ். இரண்டு பக்கமும் அடிமைகளின் வம்சம். அப்பாவுக்கு மராவல் பக்கத்தில் ஒரு கோகோ தோட்டத்தில் மேஸ்திரி வேலை. அந்த மேஸ்திரிதான் 1900ல் மேற்கிந்தியத் தீவுகள் அணியோடு இங்கிலாந்து போய் லார்ட்ஸ் மைதானத்தில் 113 அடித்தவர். இங்கிலாந்து மண்ணில் ஒரு மேற்கிந்தியர் அடித்த முதல் சதம் அது. கப்பலுக்குக் காசில்லாமல் ஊரில் நின்றுவிட்டாராம். ஜனங்கள் வசூல் பண்ணி, வேகப்படகு பிடித்து, புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்த கப்பலில் அவரை ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அம்மாவின் சகோதரர் விக்டர் பாஸ்கலும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஆடிய இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். வீட்டுத் தோட்டத்தில் குடும்பமே ஆடும். அம்மாதான் விக்கெட் கீப்பர். பிற்பாடு அப்பாவும் மகனும் டிரினிடாடுக்காக ஒரே முதல்தர ஆட்டத்தில் சேர்ந்து இறங்கியிருக்கிறார்கள்.

டிரினிடாடில் அப்போது யார் எந்த கிளப்பில் ஆடுவது என்பதை ஆட்டம் தீர்மானிக்கவில்லை. குவீன்ஸ் பார்க் வெள்ளைக்காரர்களுக்கும் பணக்காரர்களுக்கும். ஷாம்ராக் கத்தோலிக்க வெள்ளையர்களுக்கு. மேப்பிள், மாநிறத்து நடுத்தர வர்க்கத்துக்கு. கறுப்பு நிறம் கூடிவிட்டால் அங்கே யோசிப்பார்கள். ஷானன், கறுப்பர்களில் வாத்தியார், குமாஸ்தா என்று கொஞ்சம் எழுந்து வந்தவர்களுக்கு. ஸ்டிங்கோ, அதற்கும் கீழே இருந்த கைத்தொழிலாளிகளுக்கு. இந்தப் பட்டியலைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கான்ஸ்டன்டைன் ஷானன். அந்த அணியின் மூர்க்கமான ஃபீல்டிங்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம், மேலே இருக்கிற இரண்டு மூன்று கிளப்புகளுக்கும் பதில் சொல்லும் வேகம் அதில் இருந்தது என்பார்கள்.

ஆபீசிலும் அதே படிக்கட்டுதான். ஜோனதன் ரயன் என்பவரின் சொலிசிட்டர் நிறுவனத்தில் குமாஸ்தா. வேலை பிடித்திருந்தது, சட்டத்தில் ஆர்வமும் வந்துவிட்டது. ஆனால் குமாஸ்தாவிலிருந்து சொலிசிட்டராக ஏற வேண்டுமென்றால் பணம் வேண்டும், அல்லது நிறம் வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. 1923ல் அணியோடு இங்கிலாந்து போய்வந்த பிறகு அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது: இந்தத் தீவை விட்டு வெளியே போனால்தான் மேலே போக முடியும், வெளியே போகக் கையில் இருப்பது கிரிக்கெட் ஒன்றுதான். கொஞ்ச நாள் அரசாங்கத்தில் தற்காலிக வேலை. அப்புறம் டிரினிடாட் லீஸ்ஹோல்ட்ஸ் என்ற எண்ணெய் கம்பெனியில், ஃபைசாபாதில், மறுபடியும் குமாஸ்தா. நம் ஊர் ஃபைசாபாத் பெயரேதான். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்கள் கையோடு கொண்டுபோன பெயர். இந்த எண்ணெய் கம்பெனியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1928. மேற்கிந்தியத் தீவுகளுக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்த வருஷம். மூன்று டெஸ்டிலும் இன்னிங்ஸ் தோல்வி. அதைப் பேசிப் பிரயோஜனமில்லை. அவர்களின் முதல் டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது கான்ஸ்டன்டைன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பேச வேண்டியது ஜூன் மாதம் லார்ட்ஸில் மிடில்செக்ஸ் கவுண்டியோடு ஆடிய ஆட்டம்.

மிடில்செக்ஸ் 6 விக்கெட்டுக்கு 352 எடுத்து டிக்ளேர் செய்கிறது. பதிலுக்கு மேற்கிந்தியத் தீவுகள் 79க்கு 5 விக்கெட். காயத்தோடு ஆடிக்கொண்டிருந்த கான்ஸ்டன்டைன் உள்ளே வந்து ஒரு மணி நேரத்துக்குள் 86 அடித்தார். ஃபாலோ ஆன் தப்பியது. சரி, ஏதோ மானம் காத்தார் என்று நினைக்கும்போது பந்தைக் கையில் எடுத்தார். முதலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது முறை பந்துவீச வந்தபோது 11 ரன் கொடுத்து 6 விக்கெட். மொத்தம் 57க்கு 7, மிடில்செக்ஸ் 136க்குக் காலி. ஜெயிக்க 259 வேண்டும். 121க்கு மறுபடியும் 5 விக்கெட் போய்விட்டது. மறுபடியும் அதே ஆள் வருகிறார். ஒரு மணி நேரத்தில் 103. ஜே.டபிள்யூ. ஹேர்ன் பந்துவீசும்போது நேராக அவர் கைக்கே ஒரு அடி. விரல் போய், அந்த சீசன் முழுக்க ஹேர்ன் ஆட முடியவில்லை. மூன்று விக்கெட்டில் வெற்றி. இன்றைக்கு ஐ.பி.எல். பார்த்துக் கண் பழகிய நமக்கு ஒரு மணி நேரத்தில் நூறு என்பது சாதாரணமாகத் தெரியலாம். 1928ல், கெட்டியான தற்காப்பு ஆட்டமே பண்பாடு என்று நம்பிய லார்ட்ஸில், இது பூஜையறைக்குள் சிலம்பம் ஆடினாற்போல் இருந்திருக்கும்.

அந்தச் சுற்றுப்பயணத்தில் 1381 ரன், 107 விக்கெட். லங்காஷயரில் நெல்சன் என்ற பருத்தி நெசவாலை ஊரின் கிளப் அவரை அழைத்தது. சீசனுக்கு 500 பவுன். தறிக்காரர்கள் சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்துவிட்டு வந்து உட்காரும் லீக். நன்றாக ஆடினால் மைதானத்தைச் சுற்றி வசூல் எடுத்து ஆட்டக்காரன் கையில் கொடுப்பார்கள். 1929லிருந்து 1937 வரை ஒன்பது சீசன் ஆடினார். அதில் ஏழு முறை நெல்சன் சாம்பியன், மற்ற இரண்டு முறையும் இரண்டாமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. நடுவில் 1930ல் ஜார்ஜ்டவுனில் மேற்கிந்தியத் தீவுகள் முதல்முறையாக ஒரு டெஸ்டை ஜெயித்தபோது ஒன்பது விக்கெட் எடுத்திருக்கிறார். 1934ல் ஹைதராபாத் வந்து மொயினுத்தௌலா தங்கக் கோப்பையிலும் ஆடியிருக்கிறார்.

நெல்சன் வாழ்க்கையின் தொடக்கம் அவ்வளவு சுகமில்லை. மெரிடித் தெருவில் வரிசை வீடு ஒன்றில் மனைவி நார்மா, கைக்குழந்தை குளோரியா. கறுப்பு மனிதரைப் பக்கத்தில் பார்த்தே இராத ஊர். பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தார்கள். பெயர் போடாத கடிதங்கள் வந்தன, அதில் இருந்த வார்த்தைகள் வேண்டாம். முதல் சீசன் முடிந்ததும் மூட்டை கட்டிவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார். நார்மா விடவில்லை. ஒரு வருஷத்தில் ஓடிவிட்டால் வந்த காரியம் என்னாவது என்பது அவர் கட்சி. இருந்தார்கள். இருபது வருஷம் இருந்தார்கள். இன்று அந்த வீட்டுச் சுவரில் அவர் நினைவாக நீலப் பலகை இருக்கிறது.

1932ல் அதே வீட்டுக்கு டிரினிடாடிலிருந்து எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் வந்து தங்கினார். ஊரில் அவர் மேப்பிள், இவர் ஷானன். இரண்டு பேரும் சேர்ந்து லங்காஷயர் ஊர்களில் மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஜேம்ஸின் முதல் புத்தகம் நெல்சனில் அச்சானது, செலவு கான்ஸ்டன்டைனுடையது. கிரிக்கெட் ஆடிச் சம்பாதித்த காசில் காலனி ஆட்சியைக் கேள்வி கேட்கும் புத்தகம்! இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

கேப்டன் பதவியைப் பற்றி ஒரு வார்த்தை. 1935ல் கிங்ஸ்டன் டெஸ்டில் வெள்ளைக்கார கேப்டன் ஜாக்கி கிராண்டுக்குக் கணுக்காலில் அடிபட்டபோது, மைதானத்தில் அணியை நடத்தியது கான்ஸ்டன்டைன்தான். அந்த டெஸ்டும் தொடரும் கையில் வந்தன. அதற்காகப் பதவி வரவில்லை. தலைமைக்கு வெள்ளைக்காரன், வேலைக்கு மற்றவர்கள் என்ற ஏற்பாடு கறுப்பரான ஃபிராங்க் வொரல் கேப்டனான காலம் வரை, அதாவது 1960 வரை, பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. பிராது எழுதும் குமாஸ்தா, கையெழுத்துப் போடும் வக்கீல்.

இப்போது ஹோட்டல்.

உலகப் போர். கான்ஸ்டன்டைன் தொழிலாளர் அமைச்சகத்தில் நல அதிகாரி, லிவர்பூலில் ஆபீஸ். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தொழில்நுட்பக்காரர்களுக்குத் தங்க இடம் பார்ப்பது, ஃபோர்மேனோடு தகராறு என்றால் தீர்த்து வைப்பது, 'கறுப்பனுக்கு வீடு இல்லை' என்பவரிடம் போய்ப் பேசுவது, இதெல்லாம் அவர் வேலை. 1943 ஆகஸ்ட் தொடக்கத்தில் லார்ட்ஸில் இங்கிலாந்து அணிக்கும் டொமினியன் அணிக்கும், அதாவது ஆஸ்திரேலியா போன்ற பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாட்டு ஆட்டக்காரர்களின் அணிக்கும், நிதி திரட்டும் ஆட்டம். அதில் ஆடுவதற்காக, லண்டன் ரஸ்ஸல் சதுக்கத்தில் இருந்த இம்பீரியல் ஹோட்டலில் தனக்கும் நார்மாவுக்கும் குளோரியாவுக்கும் நாலு ராத்திரிக்கு அறை பதிவு செய்தார். என் நிறத்தால் பிரச்சினை வருமா என்று முன்கூட்டியே விசாரித்தும் வைத்திருந்தார். வராது என்றார்கள். பட்டுத் தெரிந்த மனுஷன். கேட்டுவிட்டுத்தான் காசு கட்டுகிறார்.

ஜூலை 30ஆம் தேதி போய் இறங்கினால், ஒரு ராத்திரிதான் தங்கலாம் என்கிறார்கள். ஹோட்டல் நிறைய அமெரிக்க சிப்பாய்கள். அமெரிக்க ராணுவமே அப்போது நிறம் பிரித்துத்தான் நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்குப் பிடிக்காது என்று நிர்வாகத்துக்குப் பயம். கூட வந்திருந்த அமைச்சக மேலதிகாரி வாதாடிப் பார்த்தார். இவர் அரசாங்க அதிகாரி, பிரிட்டிஷ் பிரஜை என்றார். நிர்வாகி அம்மாள் அதற்குச் சொன்ன பதிலில் இருந்த வசவு வார்த்தை பின்னால் கோர்ட்டில் பதிவானது. மகளும் மனைவியும் பக்கத்தில் நிற்கிறார்கள். கான்ஸ்டன்டைன் சத்தம் போடவில்லை. அதே முதலாளியின் இன்னொரு ஹோட்டலுக்குப் போய்த் தங்கிவிட்டு, மைதானத்துக்குப் போய் ஆடினார். அப்புறம் வழக்குப் போட்டார்.

அந்த வழக்கில்தான் விஷயம் இருக்கிறது. நிறத்தைக் காரணம் காட்டி ஒருவரைத் தள்ளிவைப்பது 1943 இங்கிலாந்தில் சட்டப்படி குற்றமே இல்லை. வேலை கொடுக்க மறுக்கலாம். வீடு தர மறுக்கலாம். கேட்க நாதியில்லை. அமெரிக்கத் தென்மாகாணங்களைப் போல 'உள்ளே வராதே' என்று எழுதிவைத்த சட்டம் கிடையாது. 'வரவிடு' என்று சொல்லும் சட்டமும் கிடையாது. ஆக, எதை வைத்துப் பிராது எழுதுவது?

சத்திரத்தை வைத்து. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் சத்திரக்காரனுக்கு ஒரு கடமை உண்டு. இடம் இருந்து, வருகிறவன் காசு கொடுக்கத் தயாராக இருந்து, ஒழுங்காகவும் நடந்துகொண்டால், வழிப்போக்கனைத் தங்கவிட்டே ஆக வேண்டும். தக்க காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது. ராத்திரி ரோட்டில் நின்றால் கள்வன் கையில் சாகவேண்டியதுதான் என்றிருந்த நூற்றாண்டுகளில் உருவான விதி. குதிரையில் வந்தவனுக்காக ஏற்பட்ட விதியை, மோட்டார் காலத்தில் வந்திறங்கிய கறுப்பு கிரிக்கெட்காரருக்காகத் தூசி தட்டி எடுத்தார்கள். என் அப்பா இருந்திருந்தால் இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு "பலே" என்றிருப்பார்.

கான்ஸ்டன்டைன் தரப்பில் ஆஜரானவர் சர் பேட்ரிக் ஹேஸ்டிங்ஸ். முன்னாள் அட்டர்னி ஜெனரல், அந்தக் காலத்தின் பெரிய வக்கீல்களில் ஒருவர். அவருக்கு ஜூனியராக ரோஸ் ஹெய்ல்பிரான் என்ற லிவர்பூல் பெண், வயது முப்பதுகூட ஆகவில்லை. பின்னாளில் நெல்சனுக்குப் பக்கத்து ஊரான பர்ன்லியில் ரெக்கார்டர் என்ற நீதிபதிப் பொறுப்புக்கு வந்தவர் இவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1944 ஜூனில் நீதிபதி நார்மன் பெர்கெட் முன்னால் விசாரணை. அதே கம்பெனியின் இன்னொரு ஹோட்டலில் இடம் கொடுத்துவிட்டோமே, அப்புறம் எப்படி மறுத்ததாகும் என்பது ஹோட்டல் தரப்பு வாதம். பெர்கெட் அதை ஏற்கவில்லை. இம்பீரியல் ஹோட்டல் தன் கடமையில் தவறிவிட்டது. நஷ்டம் இவ்வளவு என்று காட்டாவிட்டாலும் உரிமை மீறப்பட்டதே வழக்குக்குப் போதும் என்றார். கான்ஸ்டன்டைன் சாட்சி சொன்ன விதத்தையும் கண்ணியத்தையும் பாராட்டினார். ஆனால் பெயரளவு நஷ்டஈட்டுக்கு மேலே போகச் சட்டம் தனக்கு இடம் தரவில்லை என்றார். ஐந்து கினி. ஐந்து பவுன், ஐந்து ஷில்லிங்.

கினி நாணயம் அச்சடிப்பது நின்று நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் சில தொழில்களில் கணக்கு கினியில்தான் ஓடிக்கொண்டிருந்தது, முக்கியமாக பாரிஸ்டர் ஃபீஸ். அவமானத்தின் விலையை நீதிமன்றம் வக்கீல் கூலிக் கணக்கில் சொன்ன மாதிரி எனக்குப் படுகிறது. இந்தத் தொகையைக் கேலி செய்து எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது கேலியாகத் தோன்றவில்லை. அதிகத் தொகை கேட்டுப் போராடும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. விஷயம் ஊருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தது. பத்திரிகைகள் எழுதின, பாராளுமன்றத்தில் கேள்வி வந்தது. ஆனால் தீர்ப்பின் எல்லையும் அதோடு சேர்ந்து தெரிந்துபோனது. சத்திரத்துக்கு மட்டும்தான் அந்தப் பழைய கடமை. வாடகை வீட்டுக்குக் கிடையாது, தொழிற்சாலைக்குக் கிடையாது, பஸ் கம்பெனிக்குக் கிடையாது.

அடுத்த வருஷம், 1945 ஆகஸ்டில், அதே லார்ட்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக டொமினியன் அணி. கேப்டனாக இருக்க வேண்டிய லிண்ட்சே ஹாசெட் உடம்பு சரியில்லாமல் ஒதுங்கிவிட, ஆட்டக்காரர்களே கூடிப் பேசி கான்ஸ்டன்டைனைத் தலைவராக்கினார்கள். மற்ற எல்லோரும் வெள்ளையர். கீத் மில்லர் 185 அடித்தார், 45 ரன்னில் வெற்றி. மேற்கிந்தியத் தீவுகள் வாரியம் கொடுக்காததைக் கூட ஆடியவர்கள் கொடுத்தார்கள்.

1949ல் நெல்சன் வீட்டைக் காலி செய்துவிட்டு லண்டன் போனார், பாரிஸ்டர் படிப்புக்காக. வயது 48. பள்ளிக்கூடத்தோடு நின்ற படிப்பு. வருமானத்துக்குப் பத்திரிகைக் கட்டுரை, ரேடியோ, கிரிக்கெட் கோச்சிங். இந்த ஐந்து வருஷத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு என்னவோ மிடில்செக்ஸ் ஆட்டத்தைவிட இது பெரிதாகத் தெரிகிறது. பத்து நிமிஷத்தில் ஒரு ஆட்டத்தின் தலையெழுத்தை மாற்றிப் பழகிய ஆள். நிதானம் அவருக்கு வராது என்று விமர்சகர்கள் எழுதியிருந்தார்கள். அவர் ஐம்பது வயதில் ரோமன் சட்டத்தையும் ஒப்பந்தச் சட்டத்தையும் பிரித்து வைத்துக்கொண்டு, மகள் வயதுப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதுகிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் அப்போது பாரிஸ்டர் ஆகப் பரீட்சை மட்டும் போதாது. நாலு பழைய அமைப்புகளில் ஏதாவது ஒன்றில் சேர வேண்டியிருந்தது. தவணைக்கு இத்தனை தடவை அங்கே கூடத்தில் உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. இன்னர் டெம்பிளில் காந்தி சாப்பிட்ட கதை நமக்குத் தெரியும். கான்ஸ்டன்டைன் சேர்ந்தது மிடில் டெம்பிள். இந்த அமைப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயரே 'இன்', அதாவது சத்திரம் என்பதுதான். ஒரு காலத்தில் சட்டம் படிக்க வந்தவர்கள் தங்கிய இடங்கள். ஒரு சத்திரம் ராத்திரி தங்க இடமில்லை என்றது. இன்னொரு சத்திரம், இங்கே வந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் வக்கீல் என்றது.

1954ல் தேறினார். உடனே வந்த வேலை எங்கிருந்து தெரியுமா? டிரினிடாட் லீஸ்ஹோல்ட்ஸ். குமாஸ்தாவாக இருந்த அதே எண்ணெய் கம்பெனி, இப்போது துணைச் சட்ட ஆலோசகராக வரச்சொல்லி அழைத்தது. போனார். ஆனால் மேல்மட்டம் முழுக்க வெள்ளைக்காரர்கள், அவருக்கு அங்கே ஒட்டவில்லை.

அரசியல் கூப்பிட்டது. டிரினிடாட் அரசியல் தலைவர் எரிக் வில்லியம்ஸின் கட்சி, 1956 தேர்தல், துனபுனா தொகுதியில் மயிரிழையில் வெற்றி, பொதுப்பணி அமைச்சர். அது ஐந்து வருஷம். நல்ல அமைச்சர்தான் என்று படித்திருக்கிறேன். ஆனால் பல வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவருக்கு உள்ளூர் அரசியல் கைவரவில்லை என்பதும் உண்மை. 1961ல் லண்டனுக்கு ஹை கமிஷனராக, அதாவது டிரினிடாடின் தூதராகத் திரும்பினார். 1962ல் டிரினிடாடுக்குச் சுதந்திரம், இவருக்கு சர் பட்டம்.

1963ல் பிரிஸ்டல். அந்த ஊர் பஸ் கம்பெனி கறுப்பர்களையும் ஆசியர்களையும் டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுப்பதில்லை என்று வெளிப்படையாகவே நடந்துகொண்டிருந்தது. பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞரும் நண்பர்களும் ஏப்ரல் கடைசியில் பஸ் புறக்கணிப்பை அறிவித்தார்கள். சட்டம் அவர்களுக்குத் துணை இல்லை. பஸ் கம்பெனி சத்திரம் இல்லையே. மே மாதம் மேற்கிந்தியத் தீவுகள் அணி அங்கே கவுண்டி ஆட்டத்துக்கு வந்தபோது ஹை கமிஷனரும் வந்தார். மேயரைப் பார்த்தார், பத்திரிகைகளிடம் வெளிப்படையாகவே கண்டித்துப் பேசினார், கம்பெனியின் மேலிடம் வரை பேசினார். ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி இறங்கி வந்தது. சில நாளில் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் அங்கே முதல் வெள்ளையரல்லாத கண்டக்டர் ஆனார். ஒரு தூதர் இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் இப்படித் தலையிடலாமா என்று டிரினிடாட் அரசாங்கத்துக்கு எரிச்சல். தூதருக்கான இலக்கணப்படி அந்த எரிச்சல் நியாயம்தான். அடுத்த வருஷம் அவர் பதவியை விட்டுப் போனார், லண்டனிலேயே வக்கீல் தொழிலைத் தொடர்ந்தார்.

1965ல் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் வந்தது. பலவீனமான சட்டம். வேலையும் வீடும் அதில் இல்லை. அவை சேர இன்னும் மூன்று வருஷம் ஆனது. பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதை மட்டும் தடை செய்தது. அந்த இடங்களின் பட்டியலில் முதலில் வருவது ஹோட்டல். சட்டத்தை அமல்படுத்த 1966ல் மூன்று பேர் வாரியம் அமைத்தார்கள். மூவரில் ஒருவர் கான்ஸ்டன்டைன். இம்பீரியல் ஹோட்டல் வரவேற்பு மேஜைக்கு முன்னால் நின்றவருக்கு, இருபத்து மூன்று வருஷம் கழித்து, அப்படி நின்றவர்களின் புகாரைக் கேட்கும் நாற்காலி.

அதற்குள் காலம் மாறியிருந்தது. அறுபதுகளின் கடைசியில் வந்த கறுப்பு இளைஞர்களுக்கு அவர் ரொம்ப மிதமானவராக, மேலிடத்து மனிதராகத் தெரிந்தார். சர் பட்டம், பி.பி.சி. ஆளுநர் குழு, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ரெக்டர் என்று பொறுப்புகள் குவிந்துகொண்டிருந்தன. அந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. கோபப்பட வேண்டிய நேரத்தில் அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்றார்கள், எழுதினார்தான். ஆனால் எந்தச் சட்டத்தின் எந்த ஓரத்தைப் பிடித்து இழுக்கலாம் என்று தேடுவது குமாஸ்தா புத்தி. அது இல்லாவிட்டால் 1944ல் அந்தச் சத்திர விதியை வைத்து யார் ஜெயித்திருப்பார்கள்?

1969ல் பிரபுக்கள் சபைக்குப் போனார், அங்கே உட்கார்ந்த முதல் கறுப்பர். பிரபுப் பட்டத்தோடு ஊர்ப் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். அவர் இரண்டைச் சேர்த்துக்கொண்டார்: அப்பா மேஸ்திரியாக இருந்த மராவல், ஜன்னலில் எட்டிப் பார்த்த நெல்சன். உடம்பு அப்போதே கெட்டிருந்தது. சபையில் முதல் முறை பேசவே 1971 மார்ச் ஆகிவிட்டது. ஜூலை 1ஆம் தேதி லண்டன் வீட்டில் இறந்தார். உடலை டிரினிடாட் கொண்டுபோய் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். நெல்சனில் ஒரு வருஷத்தோடு ஓட விடாமல் பிடித்து வைத்த, இம்பீரியல் ஹோட்டலில் பக்கத்தில் நின்ற நார்மா, அதற்குப் பிறகு இரண்டு மாதம்தான் இருந்தார்.